அறை மூன்று, உள்ளே ஆள்

நாற்பத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு இருந்தது.

வைரவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். கறுப்புத் திரையின் அடியில், சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் காத்திருக்கும் மெயில்களின் எண்ணிக்கையைப் பச்சை எழுத்தில் காட்டும் அந்த மூலையை அவன் தினமும் பார்க்கிறவன். வேலை நேரத்தில் எண் ஏறும், இறங்கும். கம்பெனி அடங்கியதும் நாற்பத்தொன்றில் வந்து நிற்கும். மூன்று வருடமாக அதற்குக் கீழே இறங்கியதும் இல்லை, ஆள் ஓய்ந்த நேரத்தில் அதற்கு மேலே நின்றதும் இல்லை. தன் கைப்பேசி எண்ணைப் போல அது அவனுக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கடைசி பஸ் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டபிறகுதான் அவன் இந்த அறைக்குள் வந்தான்.

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே ஜெபல் அலியின் ஆகஸ்டு வெயில் தகரக் கூரைகளின் மேலும் கன்டெய்னர்களின் மேலும் வெள்ளையாக நின்றுகொண்டிருக்க, உள்ளே பதினெட்டு டிகிரிக் குளிரில், சூடான தூசியும் ஏசியிலிருந்து எப்போதோ ஒழுகிக் காய்ந்த கார்ப்பெட்டும் கலந்த மணத்தில், ஒரே சீராக ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் காது அதை மறந்துவிடும், மறந்தபிறகு அதற்கு அடியில் இருக்கும் சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அதில் ஒன்று பழைய மெயில் இயந்திரத்தின் டிஸ்க். புது மெயில் ஒன்று வந்து விழும்போதெல்லாம், யாரோ நகத்தால் ஒரு தடவை தட்டியதுபோல, டக் என்று ஒரு ஒலி.

டக்.

நாற்பத்துமூன்று.

மேஜைமேல் கிடந்த போன் அதிர்ந்தது. மஸ்கட், ரூவி ஆபீஸிலிருந்து ஆகில். அங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

"ப்ரோ, ஸ்டார்ட் பண்ணியாச்சா? வெள்ளியும் சனியும் எங்களுக்கு லீவு. சவூதி தம்மாம்லயும் லீவு. உங்க துபாய்க்கு மட்டும் தனி காலண்டர். உங்களுக்காக ஆபீஸத் தொறந்து நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன்."

"பிரியாணி வாங்கித் தர்றேன் ஆகில்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. சரி, மூணரைக்கு நான் இங்கேருந்து எல்லாத்தையும் இழுத்துடுவேன். ரூல்ஸ், அட்ரஸ், க்யூ எல்லாமே. க்யூ ஜீரோவா இருக்கணும். இல்லன்னா மிச்சம் கிடக்கிறதையும் சேர்த்து இழுத்துட்டு, சண்டே உக்காந்து ஒண்ணொண்ணா தொறந்து பார்த்து ரிப்போர்ட் எழுதணும். கொல்லாதீங்க."

"ஜீரோ ஆக்கிடறேன்."

"கலாஸ், அவ்ளோதான். மூணரை."

வைத்துவிட்டான். வைரவன் தன் கைகளைப் பார்த்தான். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் அவன் ஒரு மாதமாகக் காத்திருந்தான். இன்றைக்கு இந்த இயந்திரம் நிற்கப்போகிறது, மஸ்கட்டில் இருக்கும் புதியது அதன் வேலையை எடுத்துக்கொள்ளப்போகிறது. நாற்பத்தொரு மெயிலும் இன்று அழிந்துவிட்டால், பிறகு உலகத்தில் எவராலும் அவற்றைப் படிக்க முடியாது. அழியாமல் ஆகிலின் கைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றும் திறக்கப்படும். அதற்கடுத்து போலீஸ், ஜெயில், ஷார்ஜா வீட்டில் சங்கீதாவும் பிள்ளையும்.

*

தவறு என்று பார்த்தால் அது ஒரே ஒரு வரி.

குளிர்க்கிடங்கின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. கதவு சாத்திக்கொண்டு ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்கு. சைரன் கிடையாது, அந்தக் காலத்து அமைப்பு; அமுக்கினால் ஒரு மெயில் போகும். வேலை நாளென்றால் மேற்பார்வையாளரின் மேஜைக் கணினிக்கு. விடுமுறை நாளென்றால் ட்யூட்டிக்காரர்களின் போனுக்கு, குறுஞ்செய்தியாக. எந்த மெயில் எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த இயந்திரம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜனவரியில் நாட்டின் வார விடுமுறை மாறியது. வெள்ளி, சனி என்று இருந்தது சனி, ஞாயிறு ஆயிற்று. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரை அரை நாள் வேலை. இயந்திரத்துக்கு அரை நாள் என்பது தெரியாது. அதற்கு ஒரு நாள் முழுக்க வேலை நாள், அல்லது முழுக்க விடுமுறை. வைரவன் வெள்ளிக்கிழமையை வேலை நாளாக மாற்றினான். பன்னிரண்டு மணிக்குமேல் வரும் அழைப்பு போனுக்குப் போகட்டும் என்று தனியாக ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதத் தெரியாதவன் இல்லை. அன்றைக்கு நேரமாகிவிட்டது, ஷார்ஜா போகும் ரோட்டில் நெரிசல் தொடங்கிவிடும். 'வெள்ளி மதியம், பார்க்கணும்' என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்பினான். ஏசிக் காற்றில் சீட்டு எப்போது விழுந்ததென்று தெரியாது.

அந்த வருடம் ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மேற்பார்வையாளராக இருந்த கலீலுர் ரஹ்மான் பாய் மூன்றாம் எண் அறையின் வாசலில் நின்று "யாராச்சும் உள்ள இருக்கீங்களா" என்று குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. பூட்டிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனார். உள்ளே, பெட்டி அடுக்குக்குப் பின்னால், காதைச் சுற்றி இரண்டு மப்ளர் கட்டிக்கொண்டு மாயாண்டி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். தொழிலாளர் கேம்ப்பில் அவனுடைய ரூம்காரர்கள், ஷார்ஜாவில் மச்சான் ரூமுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில்தான் கதவு திறந்தது. உள்பக்கத்துக் கைப்பிடி பனியில் இறுகிப்போயிருந்தது. அவன் பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, சுவரோரம் ஜோடியாக வைத்திருந்தான். குளிர் முற்றினால் கடைசியில் உடம்பு சுடுவதுபோல இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

பொத்தானை அமுக்கினானா என்று விசாரணையில் கேட்டார்கள். பதிவேட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் வைரவன். அன்று காலை மற்றவர்களுக்கு முன்பாக அவன் இந்தத் திரையைப் பார்த்திருந்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்த மேஜைக் கணினிக்குப் போக முடியாமல் வரிசையில் நின்ற நாற்பத்தொரு மெயில்கள். எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் ஒரே வாசகம்: அறை மூன்று, உள்ளே ஆள். முதல் மெயில் பன்னிரண்டு முப்பத்தெட்டு. கடைசி மெயில் மூன்று இருபத்தாறு. அவன் அவற்றை 'பழசு' என்று ஒரு பெயர் கொடுத்து ஓரமாக ஒதுக்கினான். அமுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அழிக்க மட்டும் அன்று விரல் வரவில்லை.

கலீல் பாய் நான்கு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். கஃபீலான அரபி முதலாளி இரக்கப்பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார், கேட்டில் வாட்ச்மேனாக. இப்போதும் வழியில் பார்க்கும்போதெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"தம்பி, ஒரு தடவகூட அமுக்கலையா அவன்? நல்லாப் பார்த்தியா?"

"இல்ல பாய்."

"தூங்கிட்டானோ என்னமோ" என்பார். கொஞ்ச தூரம் போய் நின்று, "நான் குரல் குடுத்தேன் தம்பி" என்பார்.

மாயாண்டி ஒரு தடவை, போனில் மகளின் முகம் தெரியவில்லை என்று சரிசெய்துகொள்ள இதே அறைக்கு வந்திருக்கிறான். கையைத் தேய்த்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உங்க ரூமும் குளிரு, என் ரூமும் குளிரு. இம்புட்டு வெயிலடிக்கிற ஊர்ல ஸ்வெட்டர் வேணும்னு கேக்குற ரெண்டே பேரு நாமதான் சார்."

*

டக்.

நாற்பத்துநான்கு.

புதிதாக வந்திருந்த மூன்றையும் வைரவன் திறக்கவில்லை. பட்டியலில் அனுப்பிய இடம் மட்டும் தெரிந்தது. அறை மூன்று. தேதி, இன்று.

அந்த அறையைக் கம்பெனி மறுபடி ஓட்டவே இல்லை. கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டார்கள். மின்சாரம் கிடையாது. உடைந்த மரப் பலகைகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பொத்தானிலிருந்து வரும் கேபிளை இந்தச் சுவரில் அவனே பிடுங்கியிருக்கிறான்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னான். நிச்சயமாகவா என்று இயந்திரம் கேட்டது. ஆம். திரை ஒருமுறை காலியானது. எண் பூஜ்யமாயிற்று. மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பூஜ்யம். அவன் நாற்காலியில் சாய்ந்தான். இரைச்சல் காதைவிட்டுப் போயிற்று. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் எழுந்து வந்தது, பிறகு அதுவும் நின்றது.

டக்.

நாற்பத்தைந்து.

நாற்பத்தொன்று பழையது. நான்கு புதியது. அழித்த இடத்தில் அப்படியே நின்றன.

மறுபடி அழித்தான். மறுபடி வந்தன. இயந்திரத்தை நிறுத்தி, முப்பது வரை எண்ணி, ஓட்டிப் பார்த்தான். பழைய விசிறி முனகிக்கொண்டு எழுந்தது, திரை வெளிச்சமானது, எண் ஐம்பதாயிருந்தது. நின்றிருந்த நேரத்திலும் வந்திருக்கின்றன. யாரும் வாங்காத நேரத்திலும்.

அவன் இயந்திரங்களை அடுக்கியிருந்த ரேக்கின் பின்பக்கம் போனான். அங்கே இடம் குறுகல்; தோளைச் சரித்துத்தான் நுழைய வேண்டும்; கேபிள்கள் கற்றை கற்றையாகத் தொங்கி முகத்தில் பட்டன, தூசி மூக்கில் ஏறியது, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே போனான். கேட். எடை மேடை. அறை ஒன்று. அறை இரண்டு. மூன்றாம் எண்ணின் துளை காலி. பிடுங்கிய கேபிள் அதற்குக் கீழே, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான்.

சில்லென்று இருந்தது. பனிக்கட்டியைத் தொட்டதுபோல. நுனியில், செப்புக் கம்பிகளின் மேல், வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

பிடித்திருந்தபோதே, கையில், அது லேசாக அதிர்ந்தது.

டக், என்றது ரேக்கின் அந்தப் பக்கம்.

அவன் கேபிளைப் போட்டுவிட்டு வெளியே வந்தான். வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது தன் மூச்சு புகையாகப் போவதைப் பார்த்தான். சுவரில் வெப்பமானி பதினெட்டு என்றே காட்டியது.

 பிறகு பழைய நாற்பத்தொன்றின் நேரங்களைத் திரையின் ஒரு பாதியிலும் இன்றைய மெயில்களின் நேரங்களை இன்னொரு பாதியிலும் வரவழைத்தான். பன்னிரண்டு முப்பத்தெட்டு. பன்னிரண்டு முப்பத்தொன்பது. மறுபடி முப்பத்தொன்பது. நாற்பத்துமூன்று. இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. முதல் இருபது நிமிடத்தில் பன்னிரண்டு தடவை. அப்போது மாயாண்டிக்குப் பதற்றம், கோபமாகக்கூட இருந்திருக்கும், பாய் விளையாடுகிறார் என்று நினைத்திருப்பான். பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒன்று. பிறகு பத்து. இரண்டேகாலுக்குமேல் இடைவெளிகள் நீண்டுகொண்டே போயின. அந்த இடைவெளிகளை வைரவன் இதற்குமுன் பார்த்ததே இல்லை. எண்ணிக்கையை மட்டுமே பார்த்திருந்தான்.

ஒன்று அமுக்கிவிட்டு அடுத்ததை அமுக்கும்வரை அவன் என்ன செய்திருப்பான்? காத்திருப்பான். கதவைப் பார்த்துக்கொண்டு.

*

மூன்று பத்துக்கு ஆகில் கூப்பிட்டான்.

"ப்ரோ, என் ஸ்க்ரீன்ல உங்க க்யூ எண்பது காட்டுது. குறையணும்னா ஏறுது. யாரோ அலாரத்தப் போட்டு அமுக்கிக்கிட்டே இருக்காங்க போல."

"கேபிள் ஃபால்ட்."

"இருக்கட்டும். டெலீட் ஆகலையா?"

"ஆகல."

"ஆகாது ப்ரோ, பழைய மெஷின்ல. ஒரு தடவ வாங்கிட்டா அது பொறுப்பு. கொண்டுபோய்ச் சேர்க்கணும், இல்லன்னா அனுப்புனவனுக்கே திருப்பணும். தூக்கியெறிய அதுக்குத் தெரியாது. எங்கயாச்சும் ஒரு அட்ரஸக் குடுத்து அனுப்பி விடுங்க. போய்ச் சேந்துட்டா க்யூ காலி."

போனை வைத்தபிறகு அந்தச் சொற்கள் அறையிலேயே நின்றன. அவனுக்குத் தெரியாததா. இருபது வருடம் மெயிலோடு பிழைத்தவன். அனுப்பியவனுக்குத் திருப்ப முடியாது; பொத்தானுக்கு முகவரி இல்லை. சேர்த்துத்தான் ஆகவேண்டும். ட்யூட்டிப் பட்டியலில் அவன் எண்ணும் உண்டு; தன் போனுக்கு வரட்டும். வந்து விழுந்ததும் போனிலிருந்து அழித்துவிடலாம். போனில் அழித்தால் அழியும்.

விதிகள் இருக்கும் கோப்பைத் திறந்தான். வெள்ளிக்கிழமை என்ற சொல்லுக்குக் கீழே புது வரியில், பன்னிரண்டு மணிக்குமேல், ட்யூட்டிக்காரர்களின் போனுக்கு, என்று எழுதினான். எழுதி முடித்துச் சேமித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

நாற்பது விநாடி ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

வரிசையை ஓட்டிவிட்டான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது. பிறகு நிற்காமல், நெஞ்சின்மேல், ஒன்றன்பின் ஒன்றாக. திரையில் எண் இறங்கியது. எழுபது. ஐம்பத்தெட்டு. முப்பது. எட்டு. பூஜ்யம். இந்தத் தடவை பூஜ்யம் நின்றது.

அறைக்குள் குளிர் குறைந்ததுபோல இருந்தது. போனை எடுத்து, முதல் செய்தியின்மேல் விரலை வைத்தபோது அழைப்பு வந்தது.

கலீல் பாய்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ட்யூட்டிக்காரர்களின் பட்டியல். பழைய பட்டியல். மூன்று வருடமாக அதை யாரும் தொடவில்லை. அதில் இரண்டு எண்கள்.

"தம்பி வைரவா."

"சொல்லுங்க பாய்."

"மூணாம் நம்பர் ரூம்ல ஆளு இருக்குன்னு எனக்கு வருது. ஒண்ணு ரெண்டு இல்ல. மழ மாதிரி வந்துச்சு."

"அது பழசு பாய். மெஷின மாத்துறோம்ல இன்னிக்கி, அதுல கெடந்ததெல்லாம்..."

"பழசா."

அவர் மூச்சு விடுவது கேட்டது. அதற்குப் பின்னால் வாட்ச்மேன் கேபினின் ஏசி. வெள்ளிக்கிழமை மதியங்களில் அவர் ரூமுக்குப் போவதில்லை. தொழுதுவிட்டு நேரே வந்து, மூன்றாம் எண் அறையைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

"அன்னிக்குத் தேதி போட்டிருக்குப்பா இதுல" என்றார்.

வைரவன் போனைக் காதிலிருந்து எடுத்து, முதல் செய்தியில் இருந்த தேதியைப் பார்த்தான்.  

"அமுக்கிருக்கான்" என்றார் கலீல் பாய். அது கேள்வி இல்லை.

"பாய், நான் சொல்றதக் கேளுங்க பாய்."

"உன்கிட்ட அப்புறம் பேசுறேன் தம்பி. இப்பவும் வருது. மூணு மணிக்கு ஒண்ணு வந்துச்சு. இப்ப ஒண்ணு. உள்ளதான் இருக்கான் போல." சாவிக்கொத்தின் சத்தம். நாற்காலி பின்னால் நகர்ந்தது. "இந்தத் தடவ நான் போயித் தொறக்குறேன்."

*

வைரவன் ஓடினான்.

நடைபாதை. படி. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் வெயில் முகத்தில் அறைந்தது, கண் இருண்டு திரும்பத் தெளிந்தபோது எதிரே ஆளில்லாத லாரி நிறுத்தம், மூடிய ஷட்டர்கள், வெள்ளையாய் வெந்துகொண்டிருக்கும் சிமெண்டுத் தரை. அதன் நடுவே அறுபது வயது மனிதர் ஒருவர், தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

"பாய். தொறக்காதீங்க பாய்."

அவர் திரும்பவில்லை.

எதற்குத் திறக்கக்கூடாது என்று அவனுக்கும் தெரியவில்லை. உள்ளே பலகைகள்தான். கரையான் அரித்த பலகைகள்.

குளிர் அறைகள் இருந்த கொட்டகையின் நிழலுக்குள் அவன் நுழைந்தபோது பூட்டு தரையில் விழுந்தது. பாய் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, காலை ஊன்றி, இழுத்தார். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தார். ரப்பர் பிய்கிற ஒலி. பிறகு, உள்ளிருந்து யாரோ கூடச் சேர்ந்து தள்ளியதுபோல, அது சட்டென்று முழுதாகத் திறந்துகொண்டது.

குளிர் வந்தது.

முதலில் கணுக்காலில். வெண்புகையாகத் தரையோடு தரையாக வழிந்து வெளியே வந்தது. மின்சாரம் இல்லாத அறையிலிருந்து. வைரவனின் கண்ணாடி மங்கியது. துடைத்தான். மங்கியது.

கதவின் உள்பக்கம் முழுக்கப் பனி. பனியில் கைகள்.

மேலே, ஆள் நின்றால் கை எட்டும் உயரத்தில், விரல்கள் விரிந்த உள்ளங்கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. அதற்குக் கீழே, மண்டியிட்டவன் கை எட்டும் உயரத்தில். அதற்கும் கீழே. கடைசியாகத் தரையை ஒட்டி ஒன்று. ஒரே ஒன்று.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அதே நொடியில் பாயின் கையிலும்.

அவன் நிமிர்ந்தான்.

கதவுக்கு அடுத்த சுவரில் சிவப்புப் பொத்தான். அது உள்ளே போயிருந்தது. எந்தக் கையும் இல்லை. மெதுவாக வெளியே வந்தது.

மூன்று இருபத்தாறு.

இருவரும் நின்றார்கள். பொத்தான் அசையவில்லை. ஒரு நிமிடம். இன்னும் ஒரு நிமிடம். புகை பலகைகளின்மேல் படிந்து இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆழத்தில், அடுக்குக்குப் பின்னால், ஏதோ நிமிர்வதுபோல ஒரு பலகை முனகியது.

கலீல் பாய் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"யாராச்சும் உள்ள இருக்கீங்களா" என்றார். அன்றைக்குக் கொடுத்த அதே குரல். கொஞ்சம் பொறுத்து, தணிந்து, "மாயாண்டி. தொறந்துட்டேன். வெளிய வா" என்றார்.

போன் அதிர்ந்தது. வைரவன் எடுத்துப் பார்த்தான். ஆகில். 'க்யூ ஜீரோ. சூப்பர் ப்ரோ. உங்க புது ரூலும் சேர்ந்து வந்துடுச்சு. இனி எப்பவும் கரெக்டா வந்து சேரும்.'

அவன் தலையைத் தூக்கியபோது பாய் வாசலிலிருந்து ஒரு எட்டு விலகிக்கொண்டிருந்தார். குறுகிய கதவில் எதிரே வரும் ஆளுக்கு வழிவிடுகிறவர் விலகுவதுபோல. அவர் கண்கள் எதையோ பார்த்துத் தொடர்ந்து திரும்பின. உள்ளேயிருந்து வெளியே. வெளியேயிருந்து வைரவன் பக்கம்.

தரையில் ஒரு பாதம்.

வெறுங்கால். வெள்ளையாக, பனியாக விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகித் தண்ணீராயிற்று. அதற்கு முன்னால் இன்னொன்று. வாசற்படியைத் தாண்டி. இன்னொன்று. அவசரம் இல்லாமல், விறைத்த காலை ஊன்றி ஊன்றி நடப்பவனின் எட்டுகள். ஒவ்வொன்றாகப் பின்னால் இருந்தவை வெக்கையில் சுருங்கி, ஆவியாகி, தடமில்லாமல் காய்ந்துகொண்டே வந்தன.

கடைசி ஜோடி வைரவனின் ஷூவுக்கு எதிரில் வந்து நின்றது. விரல்கள் அவனைப் பார்த்திருந்தன.

அது மட்டும் காயவில்லை.